நவம்பர் காட்டில் திசைகாட்டியா, கைபேசியா?

வடகாட்டான்:
கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதன்முறையாக மான் வேட்டைக்குப் போகிறவருக்குக் கைபேசி வரைபடமே போதும் என்று இங்கே சிலர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுட்ட மான் ஓடியதும் இரத்தத் துளிகளைத் தேடிக் குனிந்தபடியே போகும் நாம், நிமிரும்போது எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதையே மறந்திருப்போம். ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் ஆட்களை நேராக நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. வானம் மூடியிருந்தபோது நடந்தவர்கள் தமக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். நம் நவம்பர் வானம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏரிக்கரையான்:
அண்ணா, வட்டமடிப்பதைத் தடுக்கத்தானே கருவி? ஜிபிஎஸ் இயங்கக் கைபேசிக் கோபுரத்தின் அலை தேவையில்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் போதும். சுட்ட இடத்தையும் கடைசித் துளியையும் அதில் குறித்துவைக்கலாம், திசைகாட்டியில் முடியாது. நம் மாகாணத்தின் பான்கிராஃப்ட் பக்கம் காந்த ஊசி, வரைபடம் காட்டும் மெய்வடக்கிலிருந்து பத்துப் பாகைக்கு மேல் மேற்கே விலகி நிற்கிறது. அதைக் கழிக்க மறந்த புதியவர் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் 350 மீட்டர் தள்ளிப் போய்விடுவார். துப்பாக்கியை அணைத்தபடி ஊசியைப் பார்த்தால், இரும்பு அதையும் இழுத்துவிடும்.

வடகாட்டான்:
விலகலை ஒருமுறை திருகிச் சரிசெய்துவிடும் திசைகாட்டிகள் கடையில் இருக்கின்றன. குளிரில் சட்டென்று இறங்கும் மின்கலத்தை எதைத் திருகிச் சரிசெய்வீர்கள்? ஆனால் நான் வற்புறுத்துவது கருவியை அல்ல. காட்டுக்குள் கால் வைக்குமுன் தெற்கே சாலை, கிழக்கே ஆறு என்று எல்லைகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போதும் வண்டியை நேரே குறிவைக்காமல், வேண்டுமென்றே அதற்குக் கிழக்கே விலகி நடந்தால், சாலையை எட்டியதும் மேற்கே திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இராது. நேரே குறிவைத்தவர், வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாமல் சாலையில் நிற்பார்.

செம்பருந்து:
இருவரும் ஓடைகளில் அணை கட்டும் விலங்கான பீவரை மறந்துவிட்டீர்கள். என் முதல் ஆண்டில் திசைகாட்டி காட்டிய நேர்கோடு, தாள் வரைபடத்தில் இல்லாத ஒரு பீவர் குளத்துக்குள் என்னை இறக்கியது. கைபேசியின் செய்மதிப் படத்தில் அந்தக் குளம் தெளிவாக இருந்தது. அதைச் சுற்றிக் கடந்தபின் எந்தத் திசையில் தொடர்வது என்பதற்கோ ஊசிதான் உதவியது.

ஏரிக்கரையான்:
எல்லைகளைப் பதித்துக்கொள்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பியபின் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைகிறது, அதற்குப் பின் அரைமணி நேரம் வரை சட்டப்படி சுடலாம். ஆகவே மானைத் தேடுவதும் இழுத்து வருவதும் பெரும்பாலும் இருட்டில்தான். அறுபது கிலோவை இழுத்துக்கொண்டு வருகிறவரிடம் வேண்டுமென்றே விலகி நடக்கச் சொல்வீர்களா, அண்ணா?

வடகாட்டான்:
இழுக்கும்போது சொல்ல மாட்டேன். முதலில் வெறுங்கையோடு சாலைக்கு வந்து, வழியெங்கும் கிளைகளில் நிறநாடா கட்டிவிட்டு, மானுக்காகத் துணையோடு திரும்பிப் போகச் சொல்வேன்.