ஆரல்வாய்மொழி விளையில் கரி இடலாமா?

கேள்வி (ஆரல்வாய்மொழி):
எங்களுக்கு மானாவாரியாக 40 சென்ட் விளை இருக்கிறது. சரளை கலந்த செம்மண். ஆடிக் காற்றில் மேல்மண் பறக்கிறது, மழை ஈரம் நான்கு நாள் நிற்பதில்லை. கரி இட்டால் ஈரம் நிற்கும் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு தேங்காய்ச் சிரட்டையை மூட்டமிட்டுச் சுட்டு, அந்தக் கரித்தூளை ஒரு பாத்தியில் அப்படியே கொத்திவிட்டு வெண்டை விதைத்தேன். கரி இடாத பாத்தியைவிட அதில்தான் செடிகள் வெளிறி நின்றன. குறை கரியிலா, நான் இட்ட முறையிலா?

பதில் 1 (அகஸ்தீஸ்வரம்):
முறையில்தான், அண்ணாச்சி. புதுக்கரியின் நுண்துளைகள் மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், முதல் பருவத்தில் செடி பசியோடு நிற்கும். நான் ஒரு பங்கு கரித்தூளுக்கு இரு பங்கு மக்கிய சாணம் சேர்த்து, கோமியம் தெளித்து, ஒரு மாதம் ஓலையால் மூடி வைத்த பிறகே மண்ணில் இடுகிறேன். ஈரமாக இருப்பதால் காற்றிலும் பறப்பதில்லை. கரி வெந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நன்றாக வெந்த சிரட்டைக்கரி ஒடித்தால் கிணுங்கி உடையும். கையில் ஒட்டிய தூள் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். பிசுபிசுப்பு இருந்தால் தார் எஞ்சியிருக்கிறது, அது முளைக்கு ஆகாது.

பதில் 2 (தக்கலை):
சாணத்தில் ஊறவைப்பது சரிதான். ஆனால் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். 2017-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, கரி இட்டதால் வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியிருக்கிறது, மிதவெப்ப நாடுகளில் கூடவில்லை. கரியிலுள்ள சாம்பல் சுண்ணாம்பைப்போல் அமிலத்தை முறிப்பது இதற்கு முக்கியக் காரணம். எங்கள் பக்கத்து மரச்சீனி (மரவள்ளி) விளைகளின் அமில மண்ணுக்கு அது நல்லது. உங்கள் மண் காரமாக இருந்தாலோ இரும்புச்சத்து கிடைக்காமல் போகும். வெளிறியது தளிரா, அடியிலையா? தளிர் என்றால் இரும்புக் குறை, அடியிலை என்றால் தழைச்சத்துக் குறை.

அளவையும் எண்ணிப் பாருங்கள். எக்டேருக்கு 10 டன் என்றால் 40 சென்டுக்கு 1,600 கிலோ கரி வேண்டும். சிரட்டை எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கரியாகும் என்பதால், ஏறத்தாழ 6 டன் சிரட்டைக்கு எங்கே போவது? குழிக்குக் குழி மட்டும் இடுங்கள்.

கேட்டவர்:
அடியிலைகள்தான் முதலில் முழுவதும் மஞ்சளாயின; தளிர் பச்சையாகவே இருந்தது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் 20 முருங்கைக் குழிகளில் பத்துக்கு மட்டும் ஊறிய கரி இடுகிறேன். மற்ற பத்துக்கும் அதே அளவு சாணம் உண்டு, கரி மட்டும் இராது.