டீடெயிலிங்குக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

கையேட்டுக்காரி:

அனைவருக்கும் வணக்கம்.

கார் டீடெயிலிங் கற்க வருபவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிப்பவர்கள் பனி கொட்டும் ஊர்களில் வேலை செய்யப்போகிறவர்கள். அதனால் கடைசி அத்தியாயம் முழுக்க வண்டியைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்வது பற்றித்தான். வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

டீடெயிலிங் என்பது வெறும் கழுவல் இல்லை. கழுவி, பெயின்டில் ஒட்டிய தாரையும் இரும்புத்துகளையும் எடுத்து, களிமண் கட்டியால் தேய்த்து, பாலிஷ் போட்டு, அதன்மேல் மெழுகு பூசி, உள்ளே ஏசி துவாரத்தின் இடுக்கு வரை தூரிகை விட்டுத் துடைப்பது. "வாகனத் துப்புரவு" என்று முதலில் போட்டிருந்தேன். சான்றிதழில் அப்படி அச்சிட்டால் வாங்க மாட்டோம் என்று மாணவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. பழைய பாடக்குறிப்பில் பாலிஷ், வாக்ஸ் இரண்டுக்கும் "மெருகு" என்றே போட்டிருக்கிறது. அதைப் படித்த ஒருவர் வாரம் தவறாமல் வண்டிக்குக் காம்பவுண்டு (தேய்க்கும் பசை) போட்டு மெருகேற்றிக்கொண்டிருந்தார். இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பட்டறைவாசி:

அக்கா, முதலில் அந்த ஆளை நிறுத்தச் சொல்லுங்கள். வண்ணத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். பாலிஷ் என்பது அதைத்தான் தேய்த்து எடுக்கிறது. கீறலின் விளிம்பு மழுங்கி, வெளிச்சம் சிதறாமல் திரும்புவதால் பளபளப்பு வருகிறது. மெழுகு அப்படி இல்லை, அது மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், சில வாரங்களில் கரைந்துவிடும், மறுபடி பூசலாம். ஒன்று எடுப்பது, இன்னொன்று சேர்ப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பூச்சு போய்விடும்.

டீடெயிலிங்குக்கு டீடெயிலிங் என்றே போடுங்கள். பட்டறையில் அப்படித்தான் சொல்கிறோம்.

வேர்தேடி:

அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு? சொல் நம்மிடமே கிடக்கிறது. *மண்ணுதல்*.

புறநானூறு 147-ஐ எடுத்துப் பாருங்கள். வள்ளல் பேகனிடம் அவன் பிரிந்திருந்த மனைவிக்காகப் பரிந்து பேசும் பெருங்குன்றூர் கிழார், எண்ணெய் துறந்த அவளுடைய கூந்தலை "மண்ணுறு மணியின் மாசுஅற மண்ணி" என்கிறார். மணியைக் கழுவி மாசு நீக்குவதுபோலக் கூந்தலையும் கழுவி என்பது பொருள். அரசன் நீராடும் சிறப்புக்கு மண்ணுமங்கலம் என்று பெயர். ஆக இது வெறும் கழுவல் அன்று. விலை உயர்ந்த ஒன்றை, மாசு அறும்வரை, முறையோடு கழுவுதல். டீடெயிலிங் அதுதானே?

தொழில் மண்ணல். செய்பவர் மண்ணுநர். தொழிற்கூடம் மண்ணகம்.

கடைசிவரிசை:

ஐயா, "உங்கள் காரை மண்ணித் தருகிறோம்" என்று பலகை மாட்டினால் ஒருத்தர் சாவியைக் கொடுக்க மாட்டார்.

வேர்தேடி:

நகைக்க வேண்டாம் தம்பி. அந்தக் காலத்தில் மண்ணைக் குழைத்துத்தான் தலைமுடியைக் கழுவினார்கள். மண்ணும் மண்ணுதலும் ஒரே வேர் என்பது என் துணிபு. பட்டறைவாசியின் தொழிலிலேயே களிமண் கட்டியால் தேய்க்கிறார்கள் என்று அம்மா எழுதியிருக்கிறாரே. வேர் எங்கே போய் முளைத்திருக்கிறது பாருங்கள்!

பட்டறைவாசி:

ஐயா, மன்னிக்கணும், அதில் மண்ணே கிடையாது. பெயர்தான் களிமண். செயற்கைப் பிசினும் நுண்ணிய தேய்பொருளும் சேர்த்த கட்டி.

வண்டிக்குக் கட்டி போட வேண்டுமா என்று பார்க்க வகுப்பில் ஒரு சோதனை செய்வோம். கழுவிக் காய்ந்த பானெட்டின்மேல் வெறும் கையை வைத்தால் வழவழவென்றுதான் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டு விரல் நுனியால் லேசாகத் தடவினால் சொரசொரவென்று மணல் மாதிரி தட்டும். ரயில் தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறந்துவந்து குத்தி நிற்கும் இரும்புத்துகள்தான் அது. முதலில் இரும்பு நீக்கியைத் தெளிக்கணும், துகள் இருக்கிற இடமெல்லாம் ஊதாவாக வழியும். மிச்சத்தைக் கட்டி எடுக்கும். வழுக்குநீர் தெளிக்காமல் கட்டியைத் தேய்த்தால் கீறும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், கழுவினாலும் மணல் உள்ளேயே இருக்கும்.

இதையெல்லாம் எழுத "மண்ணல்" என்று போட்டால், படிக்கிறவன் முதல் நாளே வண்டியில் மண்ணை அப்புவான்.

தனித்தமிழன்:

பட்டறையில் சொல்வதையே எழுதுவது என்றால் கலைச்சொல் எதற்கு, நாம் எதற்கு? டகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் படித்தவர் அனைவருக்கும் தெரியும். "டீடெயிலிங்" என்று அட்டையில் அச்சிட்டால் முதல் எழுத்திலேயே பிழை. காரும் வேண்டாம். மகிழுந்து என்று எழுதுங்கள்.

என் முன்மொழிவு: *நுண்பேணல்*. நுண்மை அடியாகப் பிறந்த பண்புத்தொகை. அந்த ஆங்கிலச் சொல்லில் இருக்கும் நுணுக்கமும் வந்துவிடுகிறது, பேணுவதும் வந்துவிடுகிறது.

கடைசிவரிசை:

> டகரம் மொழிக்கு முதலில் வராது

டயரை என்ன செய்யப்போகிறீர்கள்? குளிர்காலத்துக்குத் தனி டயர் மாட்ட வேண்டுமாம், வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகுமாம். அது ஒரு முழு அத்தியாயம்.

அப்புறம், கார் நல்ல தமிழ்ச்சொல்தான். கருமேகம். பருவங்கள் ஆறில் முதலில் வருவதே கார்.

தனித்தமிழன்:

டயருக்கு உருளிப்பட்டை. இதிலெல்லாம் கேலி எதற்கு?

கையேட்டுக்காரி:

ஐயாமார்களே, தம்பிகளே, பருவம் என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். கடைசி அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு? பனிக்காப்பு என்று வைக்கலாமா?

பாலிஷ் விஷயத்தில் இப்படி நினைக்கிறேன்: பாலிஷுக்குத் *தேய்மெருகு*, மெழுகு, சீலன்ட், செராமிக் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் *காப்புப்பூச்சு*. தேய்மெருகு என்றால் எதுவோ தேய்கிறது என்பது பெயரிலேயே இருக்கும்.

பட்டறைவாசி:

தேய்மெருகு அருமை அக்கா. பீங்கான் பூச்சு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், செராமிக் என்றே இருக்கட்டும். பீங்கான் என்றால் கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார்.

பனிக்காப்பு சரிப்படாது. பனி ஒரு துளி விழாத ஊரிலும் குளிரில் பேட்டரி செத்துப்போகும். வண்டியை அரிப்பதும் பனி இல்லை, பனியை உருக்க ரோட்டில் தூவும் உப்பு. சாதாரண உப்பு சுழியத்துக்குக் கீழே 9 பாகை வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு தூவுவார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு, காயாமலே வண்டியின் அடியில் ஒட்டிக் கிடக்கும். துரு அங்கேதான் பிடிக்கும்.

அதனால் அந்த அத்தியாயத்தில் மேல்பூச்சைவிட அடிப்பக்கத்துக்குத்தான் அதிகப் பக்கம் கொடுக்கணும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதில் இலையும் சேறும் அடைத்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளேயே தங்கிக் கதவு உள்ளிருந்து உளுத்துப்போகும். மரக்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறக்கணும், கம்பி வேண்டாம், உள்ளே பெயின்ட் போய்விடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பருக்கு சிலிக்கான் பூசினால் ராத்திரி உறைந்து ஒட்டிக்கொள்ளாது. மெழுகெல்லாம் குளிர் இறங்குவதற்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட வேண்டும். 10 பாகைக்குமேல் இருக்கும்போது பூசச் சொல்லித்தான் பெரும்பாலும் டப்பாவிலேயே போட்டிருக்கும்.

வேர்தேடி:

தமிழில் பனி என்றால் முதலில் காலையில் புல்லில் இருப்பது. வானத்திலிருந்து கொட்டுவதற்கும் அதே சொல்லைப் பின்னால் ஒட்டவைத்தோம். பருவத்தைக் குறிக்கக் கூதிர் இருக்கிறது. "கூதிர் வேனில் என்றிரு பாசறை" என்று தொல்காப்பியம் படைமுகாமைப் பருவத்தால் பிரிக்கிறது. குளிருக்கு அணியமாகி நிற்கும் முகாம் கூதிர்ப்பாசறை. வண்டியைக் குளிருக்கு அணியப்படுத்தும் அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறு உண்டா?

கடைசிவரிசை:

ஐயா, கூதிர் என்று கரும்பலகையில் எழுதினால் கடைசி வரிசை அன்று முழுக்க அடங்காது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

கையேட்டுக்காரி:

கூதிர் வேண்டாம். தயவுசெய்து.

வேர்தேடி:

சரி, விடுங்கள். உப்பு என்று பட்டறைவாசி சொன்னதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. புறம் 102, ஔவையார். உப்பு வணிகரான உமணர் வண்டியில் பாரம் ஏற்றிப் புறப்படுகிறார்கள். எருதோ இளையது, நுகம் பழகாதது. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டது? அதனால் வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப்போகிறார்கள். அதன் பெயர் *சேமஅச்சு*.

வரப்போவதை எண்ணி முன்கூட்டியே வண்டிக்குச் செய்யும் ஏற்பாட்டுக்குத் தமிழில் இதைவிடப் பழைய சான்று கிடைக்குமா? அதுவும் உப்பு வண்டி! *குளிர்ச்சேமம்* என்று வையுங்கள்.

பட்டறைவாசி:

இது நல்லா இருக்கே ஐயா! சேமிப்பு எல்லாருக்கும் தெரியும். புரிந்துவிடும்.

தனித்தமிழன்:

சேமம் க்ஷேமம். வடசொல். ஏற்க இயலாது.

வேர்தேடி:

ஏமம் என்றால் காவல். ஏமமே சகரம் பெற்றுச் சேமம் ஆயிற்று என்பது என் கட்சி. அங்கிருந்து வடக்கே போயிருக்கலாம்.

தனித்தமிழன்:

போயிருக்கலாம் என்பது சான்றாகாது ஐயா. உங்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் பிடித்த சொல்லுக்கெல்லாம் இப்படி வேர் கண்டுபிடித்துக்கொண்டே போனால் அகராதியில் வடசொல் ஒன்றுகூட மிஞ்சாது.

வேர்தேடி:

அப்படியே இருக்கட்டும். "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ" வந்தால் ஏற்றுக்கொள் என்று சொன்னதும் அதே தொல்காப்பியம்தான். க்ஷகரம் போய்ச் சகரம் வந்துவிட்டது. இன்னும் என்ன வேண்டும்? டகரத்துக்கு மட்டும் தொல்காப்பியரைக் கூப்பிடுவீர்கள், இதற்குக் கூப்பிட மாட்டீர்களா?

கையேட்டுக்காரி:

இன்று வியாழன்.

குளிர்கால ஆயத்தம் என்று போட்டுவிடவா?

தனித்தமிழன்:

ஆயத்தமும் வடசொல்.

கடைசிவரிசை:

தயார்? அது உருது வழி. ரெடி? அதைச் சொன்னால் என்னைக் குழுவை விட்டே தூக்கிவிடுவீர்கள்.

அக்கா, *குளிர்கால முன்னேற்பாடு* என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். தூய தமிழ், எல்லாருக்கும் புரியும். யாருக்கும் பெருமை இல்லை, அதுதான் ஒரே குறை.

கையேட்டுக்காரி:

நன்றி தம்பி. அதுவே.

நுண்பேணல் பற்றி இதுவரை தனி மடலில் வந்ததையும் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலானோர் "பரவாயில்லை" என்கிறார்கள். ஆகா என்று ஒருவரும் சொல்லவில்லை. அட்டையில் *ஊர்தி நுண்பேணல்*. முதல் பத்தியில் "பட்டறைகளில் டீடெயிலிங் எனப்படுவது" என்று ஒரு வரி. உள்ளே முழுக்கக் கார்தான், மகிழுந்து இல்லை. தனித்தமிழன் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். சுழன்று சுழன்று தெரியும் மெல்லிய கோடுகளுக்குச் சுழிக்கீறல், சோப்புக்கு ஒன்றும் அலச ஒன்றுமாக வாளி வைப்பதற்கு இருவாளி முறை. இவை இரண்டையும் யாரும் எதிர்க்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

தனித்தமிழன்:

பட்டறைச் சொல்லை முதல் பத்தியிலேயே ஏற்றியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அது ஏறினால் மற்றது இறங்கும்.

பட்டறைவாசி:

நானும் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அட்டையில் என்ன போட்டாலும் வகுப்பில் நான் டீடெயிலிங் என்றுதான் சொல்லப்போகிறேன். தேய்மெருகை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வழுக்குநீரை மறந்துவிடாதீர்கள் அக்கா. உயவுநீர் என்று யாராவது திருத்தினால் விடாதீர்கள், யாருக்கும் புரியாது.

வேர்தேடி:

உயவு என்றால் பழைய நூல்களில் வருத்தம் என்று பொருள். அதைப் பிறகு பேசுவோம். அதைவிட அவசரமான ஒன்று.

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. பேணல் என்பது அல் ஈற்றுத் தொழிற்பெயர், சரி. ஆனால் அதே அல் ஈறு எதிர்மறை வியங்கோளாகவும் வரும். குறள் 196-இல் "மகன்எனல்" என்றால் மகன் என்று சொல்லாதே. அதே குறளில் அடுத்து வரும் "பதடி எனல்" என்றால் பதடி, அதாவது பதர், என்று சொல். ஆக "ஊர்தி நுண்பேணல்" என்று அட்டையில் போட்டால், இலக்கணம் தெரிந்த ஒருவன் ஊர்தியை நுணுக்கமாகப் பேணாதே என்றும் படிக்கலாம். மண்ணலுக்கும் அந்தச் சிக்கல் உண்டுதான். ஆனால் மண்ணுதல் என்றால் தீர்ந்தது.

கையேட்டுக்காரி:

ஐயா, கோப்பு காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

வேர்தேடி:

இரண்டாம் பதிப்பு எப்போது அம்மா?