எதிர்காலப் போர் நாவலும் எங்கள் கிணறும்

கேள்வி: கடல்மட்டம் உயர்ந்து, நன்னீருக்காக உள்நாட்டுப் போர் மூளும் 2090ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி: கிணற்றிலிருந்து தொடங்குங்கள். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் தேங்கும் மழைநீர் உவர்நீரின் மேல் மிதப்பதால், அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். எங்கள் வீட்டில் ஆடி மாதத் தேநீரே கரிக்கிறது. குண்டுவீச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மற்றொரு மறுமொழி: அண்ணர் சொல்வது சரி. ஆயினும் போரால் யாழ்ப்பாண மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வை விட்டுவிடாதீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பக்கம் நகரமுடியாத நெரிசலில், அம்மா குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்தி எங்களுக்குக் குடிக்கத் தந்தார். அதைவிடக் கொடிய எதிர்காலத்தைக் கற்பனை செய்வது எனக்குக் கடினம்.

கேட்டவர்: அக்கா, அந்தக் குடையை என் நாவலில் எடுத்துக்கொள்ளலாமா?