லேத்தில் ஆப்பு கடையும் வின்சென்ட் பிரைஸ்: இந்தப் படம் வேறு யாருக்காவது பிடிக்குமா?

கட்டில்கால் (தர்மபுரி):
தர்மபுரியில் மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில் கால், நடைவண்டிச் சக்கரம், மாடிப்படித் தூண், இதுதான் தினசரி வேலை. போன வாரம் கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், பட்டறையிலேயே உட்கார்ந்து போனில் 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' பார்த்தேன். 1964-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ரிச்சர்ட் மேத்சன் 1954-ல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல்தான் கதை. யூடியூபில் முழுசாகக் கிடைக்கிறது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பேய் இல்லை, லேத். கொள்ளைநோயில் ஊரே செத்துப்போய், செத்தவர்கள் ரத்தக்காட்டேரியாக எழுந்து திரிகிறார்கள். மிச்சம் இருக்கிற ஒரே ஆள் மார்கன் (நடிப்பு வின்சென்ட் பிரைஸ்) காலையில் எழுந்து லேத்தில் மரத்தை மாட்டி ஆப்பு கடைகிறார். பகலில் ஒளிந்து தூங்குகிற அதுகளின் நெஞ்சில் அடிக்க. முகத்தில் வீரமும் இல்லை, பயமும் இல்லை. ஆர்டர் முடிக்க வேண்டிய நாளில் என் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும். என்ன மரம் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை, கறுப்பு வெள்ளையில் எங்கே நிறம் தெரிகிறது.

பட்டறைப் பையன் சிரிக்கிறான். "இதெல்லாம் பேயாண்ணா? கடை சாத்துனப்புறம் வீட்டுக்குப் போற குடிகாரங்க மாதிரி நடக்குதுங்க." உண்மைதான். ஓடாது, பறக்காது, கட்டையை வைத்து வீட்டைத் தட்டும். கதவில் ஒரு பூண்டுச் சரமும் கண்ணாடியும் போதும், ஒதுங்கிவிடும். ஆனால் அதில் ஒன்று, முன்பு கூட வேலை பார்த்த நண்பன், ராத்திரிக்கு ராத்திரி வாசலில் நின்று "மார்கன், வெளியே வா" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. உள்ளே இவர் ரெக்கார்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அங்கேதான் எனக்கு முதுகு சில்லிட்டது.

காசில்லாமல் எடுத்தது பார்த்தாலே தெரிகிறது. அப்புறம் ஏன் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது? உங்களுக்கும் அப்படியா, இல்லை லேத்தைப் பார்த்து நான்தான் மயங்கிவிட்டேனா? இதே கதையில் வந்த மற்ற படங்களும் தேறுமா?

எல்லைக்காரி (தேன்கனிக்கோட்டை):
அண்ணா, லேத் மயக்கம் இல்லை. எங்கள் பக்கம் பாதிப் பேச்சு கன்னடம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாட்டி வீட்டுக் கதவில் சாக்பீஸால் 'நாளே பா' என்று எழுதியிருக்கும். நாளைக்கு வா என்று அர்த்தம். ராத்திரி வருகிற பேய் தெரிந்தவர்கள் குரலிலேயே கூப்பிடுமாம், எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். மறுநாள் வந்தாலும் அதே எழுத்துதானே! ஒரே தடவை கூப்பிட்டால் பதில் கொடுக்காதே என்பாள் பாட்டி. அப்படி வளர்ந்தவளுக்கு வாசலில் நின்று பேர் சொல்கிற பேயைக் காட்ட கிராஃபிக்ஸ் எதற்கு?

படத்தில் மார்கனின் மகளை லாரியில் எடுத்துப்போய்ப் பொதுக் குழி நெருப்பில் போட்டுவிடுகிறார்கள். மனைவியையாவது மண்ணில் புதைக்கலாம் என்று திருட்டுத்தனமாகக் கொண்டுபோகிறாரே, அந்தப் பகுதியை நான் தள்ளிவிட்டுத்தான் பார்ப்பேன். 2021-ல் எங்கள் பெரியப்பாவைப் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை.

பழையரீல் (கிருஷ்ணகிரி):
கதை நடப்பது அமெரிக்காவில், எடுத்தது ரோமில். முசோலினி 1942 உலகக் கண்காட்சிக்காகக் கட்ட ஆரம்பித்த பகுதி அது. போர் வந்து கண்காட்சியே நடக்கவில்லை. அகலமான ரோடு, வெறும் வளைவு வளைவாக ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். அங்கே ஆள் இல்லாத நேரத்தில் கேமராவை வைத்தால் உலகம் அழிந்த மாதிரிதான் இருக்கும், செட்டுக்குச் செலவில்லை. நம்ம ஊர் பாரதக் கூத்தில் ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து இறக்கினால் துரியோதனன் சபை வந்துவிடுகிறதே, அந்த வித்தைதான்.

வேடிக்கை என்னவென்றால், மேத்சனுக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை. திரைக்கதையில் தன் பேருக்குப் பதில் லோகன் ஸ்வான்சன் என்று போட வைத்தார். ஆனால் நாவலுக்கு மிக நெருக்கமாக வந்தது இதுதான் என்பது என் கட்சி. 1971-ல் வந்த 'தி ஒமேகா மேன்' துப்பாக்கிப் படம். 2007 வில் ஸ்மித் படத்தில் காலி நியூயார்க்கும் அந்த நாயும் நன்றாக இருக்கும், பேய்கள் வீடியோ கேம். அதற்குப் பதிலாக ஜார்ஜ் ரொமேரோவின் 1968 படம் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' பாருங்கள். அவரும் இந்த நாவலில் இருந்துதான் பொறி எடுத்தார்.

மாங்கூழ் (காவேரிப்பட்டணம்):
எல்லாரும் புகழ்ந்தால் எப்படி? நடுவில் வரும் பழைய கதை ஜவ்வு. பிரைஸைத் தவிர பாதிப் பேருக்கு உதடு ஒரு பக்கம், டப்பிங் ஒரு பக்கம். ஆனால் பிரைஸ், வீட்டில் எடுத்த பழைய குடும்பப் படத்தை ஓட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அப்படியே அழுகையாக மாறுகிற ஒரு ஷாட் இருக்கிறது. அதுக்காக மன்னித்தேன்.

கட்டில்கால்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று வேப்பந்துண்டு ஒன்றை மாட்டி ஆப்பு கடைந்து பார்த்தேன். நாலு நிமிஷம் ஆச்சு. ஊர் முழுக்கக் கடைவதென்றால் அந்த மனுஷன் தூங்கியே இருக்க மாட்டார். பையன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஷட்டருக்கு வெளியே நின்று "கட்டில்காலு, வெளியே வா" என்கிறான். ஒரே தடவைதான் கூப்பிட்டான். நான் பதில் கொடுக்கவில்லை.