நெடுஞ்சாலை மறுகட்டுமானம்: குடியிருப்போர் ஆலோசனைக் குழுவில் உட்காருவதால் பயன் உண்டா? டென்வர் அனுபவம் பற்றி ஒரு கேள்வி

ஏரிக்கரையான் (கேள்வி)

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஒரு நகரத்தில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில், 1960களில் தூண்களின்மீது எழுப்பப்பட்ட விரைவுச்சாலை ஒன்று ஓடுகிறது. அதன் ஆயுள் முடியும் நிலையில் இருப்பதாகவும், அதை மறுபடி கட்டுவதற்கான ஆய்வு தொடங்கிவிட்டதாகவும் வீடுதோறும் கடிதம் வந்திருக்கிறது. குடியிருப்போர் சார்பில் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கிறார்கள். எங்கள் பகுதிச் சங்கத்தார் என்னை அதில் உட்காரச் சொல்கிறார்கள்.

சென்ற மாத அறிமுகக் கூட்டத்தில், டென்வர் நகரில் ஐ-70 என்ற விரைவுச்சாலையைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, அதன்மேல் தளம் போட்டு அமைத்த பூங்காவின் படத்தைத் திரையில் காட்டினார்கள். மக்கள் பங்கேற்புக்கு அதுவே முன்மாதிரி என்றார்கள். ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், கூட்டம் நடந்தது என்ற பதிவுக்காகவே கூட்டம் நடப்பதும் உண்டு என்பதை அறிவேன். ஆகவே கேட்கிறேன்: அந்தப் பகுதி மக்கள் உண்மையில் கேட்டது எது, அவர்களுக்குக் கிடைத்தது எது, எந்தக் கட்டத்தில் கிடைத்தது? விவரம் அறிந்தவர்கள் எழுதினால், குழுவில் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும்.

மலையடிவாரம்

டென்வரில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலிரியா, ஸ்வான்சி என்ற இரண்டு குடியிருப்புப் பகுதிகளின் நடுவே 1964இல் அந்த உயர்மட்டச் சாலை கட்டப்பட்டது. உலோக உருக்காலைகளை நம்பிக் குடியேறிய தொழிலாளர்களின் பகுதி அது. முதலில் கிழக்கு ஐரோப்பியர்களும் பிறகு பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் அங்கே வாழ்ந்தார்கள். உருக்காலைகள் மூடப்பட்ட பிறகும் ஆர்செனிக்கும் ஈயமும் மண்ணில் தங்கிவிட்டதால், 1999இல் அந்தச் சுற்றுவட்டாரம் கூட்டாட்சி அரசின் நச்சுநிலத் தூய்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு: அங்கே மண்ணைத் தோண்டி சாலையைப் பள்ளத்தில் இறக்குவோம் என்றபோது, எழுகின்ற தூசியில் என்ன கலந்திருக்கும் என்பதே பலருடைய முதல் கேள்வியாக இருந்தது.

ஆய்வு 2003இல் தொடங்கியது. 2008இல் வந்த முதல் வரைவு அறிக்கையில், அதே இடத்தில் உயர்மட்டச் சாலையை மறுபடி கட்டுவது, அல்லது சற்று வடக்கே தள்ளிக் கொண்டுபோவது ஆகிய இரண்டு வகைத் திட்டங்களே முன்வைக்கப்பட்டன. இரண்டுக்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகுதான், 2010இல், குடியிருப்போர், வணிகர்கள், அரசு அமைப்புகள் ஆகியோரைச் சேர்த்து ஒரு கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாக்குவாதங்களுக்குப் பிறகே, சாலையைக் கீழே இறக்கி, ஸ்வான்சி தொடக்கப் பள்ளியை ஒட்டிய பகுதியில் மட்டும் தளம் போட்டு மூடுவது என்ற புதிய திட்டம் 2012 அளவில் வெளிவந்தது. ஆகவே, பேசியதற்குப் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் காட்டிய படத்துக்குப் பின்னே எதிர்ப்பும் இருந்தது, பல ஆண்டு உழைப்பும் இருந்தது.

ஆனால் அந்தப் படம் காட்டாத ஒன்று உண்டு. மக்களில் ஒரு பெரும்பிரிவினர் கேட்டது பூங்காவை அல்ல. ஐ-270, ஐ-76 ஆகிய சாலைகள் ஏற்கெனவே வடக்கே வளைந்து செல்கின்றன. நெடுந்தூர வாகனங்களை அவ்வழியே திருப்பிவிட்டு, இந்த இடத்தில் பழையபடி ஒரு நகர்த் தெருவை அமைத்துத் தாருங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. அந்தக் கோரிக்கை ஆய்வின் போக்கிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கட்டி முடித்த சாலையிலோ ஒவ்வொரு திசையிலும் ஒரு கட்டணத் தடம் கூடியிருக்கிறது.

கிடைத்தவை இவை: ஏறத்தாழ 4 ஏக்கர் பூங்கா (2022இல் திறக்கப்பட்டது), பள்ளிக்குப் புதிய சன்னல்களும் காற்றோட்ட வசதியும் கூடுதல் வகுப்பறைகளும், கட்டுமானத்தை ஒட்டிய வீடுகளுக்கு உள்சன்னல்கள், காற்று வடிகட்டிகள், குளிர்சாதனங்கள், அவற்றால் ஏறும் மின்கட்டணத்துக்கு உதவி, மலிவு வாடகை வீடுகளுக்கு 20 லட்சம் டாலர். இழந்தவை 56 வீடுகளும் 17 வணிக இடங்களும். மொத்தத் திட்டம் 10 மைல் நீளமும் 120 கோடி டாலருக்குக் குறையாத செலவும் கொண்டது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த 20 லட்சம் எவ்வளவு சிறிய தொகை என்பது விளங்கும். இன்று மாலை வேளைகளில் அந்தப் பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. அந்த மகிழ்ச்சியைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பாலப்பொறியாளர்

மேலே எழுதியவர் நியாயமாகவே எழுதியிருக்கிறார். நான் இத்தகைய ஆய்வுகளில் ஆலோசக நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால், மாற்று வழித்தடக் கோரிக்கை எப்படி நீக்கப்படுகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன். ஏரிக்கரையான் அவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தகைய ஆய்வில் எழுதப்படும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் முதல் அத்தியாயம் ‘நோக்கமும் தேவையும்’ என்பது. பார்வைக்கு நாலு வரிப் பீடிகை போலத்தான் இருக்கும். கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். எல்லோருடைய கண்ணும் வரைபடத்தின்மீதுதான் இருக்கும். ஆனால் பின்னால் வருகிற ஒவ்வொரு மாற்றுத் திட்டமும் அந்த நாலு வரியைக் கொண்டே சலிக்கப்படுகிறது. டென்வரில் அந்த வாசகம், ஐ-70 சாலையில் பாதுகாப்பு, அணுகல், போக்குவரத்து ஓட்டம் ஆகியவற்றை மேம்படுத்தி நெரிசலைத் தீர்ப்பது என்று எழுதப்பட்டது. ஐ-70 சாலையின் நெரிசலைத் தீர்ப்பதே நோக்கம் என்று எழுதிய பிறகு, ஐ-70 அங்கே இல்லாமல் போகட்டும் என்ற கோரிக்கை எப்படித் தேறும்? இப்பகுதியின் உடல்நலத்தைக் காப்பதும், துண்டிக்கப்பட்ட தெருக்களை இணைப்பதும் நோக்கத்திலேயே இடம்பெற்றிருந்தால், சலித்தெடுப்பது வேறு வகையில் நடந்திருக்கக்கூடும்.

மாநிலப் போக்குவரத்துத் துறையின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். சாலையை அகற்றினால் உள்ளூர் வாகனங்கள் 46ஆம் அவென்யூ என்ற தெருவில் குவியும், வடக்குச் சாலைகளை அகலப்படுத்தச் செலவாகும், பலர் சுற்றிப் போக வேண்டியிருக்கும் என்றார்கள். அவை வெறும் சாக்குகள் அல்ல. எனினும் அந்த எண்களைப் போக்குவரத்து மாதிரிக் கணிப்பு தருகிறது. அந்தக் கணிப்போ, இருக்கிற வாகனங்கள் எல்லாம் எப்படியும் எங்காவது ஓடித்தான் தீரும் என்ற அனுமானத்தோடு பெரும்பாலும் தொடங்குகிறது. குழுவில் சேர்ந்தால், அந்த அனுமானங்களை எழுத்தில் கேளுங்கள்.

மழைநகரம்

சியாட்டிலிலிருந்து எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இங்கே ஒரு பழைய கதை உண்டு. ஐ-90 சாலையை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து 1970இல் வழக்குகள் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி தாக்க அறிக்கை வேண்டும் என்று நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தியது. பணி நின்றதும் பேச்சு தொடங்கியது. 1976இல் சியாட்டில், பெல்வியூ, மெர்சர் தீவு ஆகிய நகரங்களும் கிங் கவுண்டியும் பொதுப்போக்குவரத்து அமைப்பும் மாநில நெடுஞ்சாலை ஆணையமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தடங்கள் எட்டாகக் குறைக்கப்பட்டன. மெர்சர் தீவில் சாலைக்கு மேல் மூடுதளமும் அதன்மேல் பூங்காவும் அமைந்தன. அந்தப் பூங்கா இன்று, தீவின் மேயராக இருந்த ஆப்ரி டேவிஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதை மக்கள் பங்கேற்பின் வெற்றி என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மெர்சர் தீவு வசதியானவர்களின் ஊர். அதைவிட முக்கியமாக, அது தனி நகராட்சி. மேசையில் உட்கார்ந்த அதன் பிரதிநிதி, கையெழுத்திட மறுத்தால் ஒப்பந்தமே இல்லை என்ற நிலையில் உட்கார்ந்திருந்தார். எலிரியாவும் ஸ்வான்சியும் பெருநகருக்குள் அடங்கிய குடியிருப்புகள். அவர்களுக்கு ஆலோசனை சொல்ல இடம் இருந்ததே தவிர, கையெழுத்துப் போட இடம் இல்லை. 1976ஆம் ஆண்டுக் காகிதத்தை வைத்து மெர்சர் தீவு 2017இலும் வழக்காடி, ஐ-90 வழியே ரயில் பாதை அமைத்த அமைப்புடன் சமரசத் தொகை பேசிற்று. நாற்பது ஆண்டு கழித்தும் காகிதம் பேசியிருக்கிறது!

ஆகவே ஐயா, குழுவில் சேரும்முன் உங்கள் நகர மன்றம் யார் பக்கம் என்று விசாரியுங்கள்.

ஏரிக்கரையான்

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. எங்கள் பகுதியில் பாதிக்கு மேல் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். கூட்டத்துக்கு வந்தவர்களோ ஏறத்தாழ எல்லோரும் என்னைப் போன்ற வீட்டு உரிமையாளர்கள். வாடகைதாரர்களுக்கு என்ன பாதுகாப்பு உண்டு? மேலும், டென்வரில் வழக்குத் தொடர்ந்தவர்களுக்கு ஏதேனும் கிடைத்ததா?

மலையடிவாரம்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2017 சனவரியில் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் இறுதித் தீர்மான ஆவணம் கையெழுத்தான பிறகு, சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் அப்பகுதிச் சங்கங்களும் நீதிமன்றம் சென்றன. கட்டுமானம் 2018 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அப்பகுதி மக்களின் உடல்நலம் பற்றிய சுயேச்சையான ஆய்வுக்கு 5,50,000 டாலர் தருவது அதன் முக்கிய அம்சம். சாலை எங்கே ஓட வேண்டும் என்பது அந்தக் கட்டத்தில் பேச்சிலேயே இல்லை.

உப்புநகரம்

வாடகைதாரர் பற்றி நான் சொல்லலாம். சாலைக்காக வீடு கையகப்படுத்தப்பட்டால், 1970ஆம் ஆண்டு இடமாற்ற உதவிச் சட்டம் வாடகைதாரரையும் காக்கிறது: உரிமையாளரிடம் விலைப்பேச்சு தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பிருந்தே அங்கே குடியிருந்தவருக்கு, வேறிடத்தில் கூடுதலாகும் வாடகை 42 மாதங்களுக்குக் கணக்கிடப்பட்டு, சட்டம் வகுத்த உச்சவரம்புக்குள் உதவி கிடைக்கும். ஆனால் வீட்டை யாரும் எடுக்காமல், பூங்கா வந்ததால் வாடகை ஏறி, அதனால் ஒருவர் வெளியேற நேர்ந்தால் இந்தச் சட்டம் அவரைக் கண்டுகொள்ளாது. அதற்கு முன்கூட்டியே தனி ஏற்பாடு கேட்டுப் பெற வேண்டும். பூங்கா திறந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

நான் இருக்கும் சிரக்யூஸ் நகரில் ஐ-81 உயர்மட்டச் சாலையை இடித்து அகற்றும் பணி நடக்கிறது. பதினைந்தாம் வட்டம் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை அழித்து எழுந்த சாலை அது. இங்கே வரைவு அறிக்கையில், மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான தொடக்கப் பள்ளிக்கு மிக அருகில் ஒரு சுற்றுச்சந்தி (ரவுண்டானா) காட்டப்பட்டிருந்தது. பெற்றோரும் பகுதி மக்களும் உரிமை அமைப்புகளும் அந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தார்கள். 2022இல் வந்த இறுதி அறிக்கையில் சுற்றுச்சந்தி பள்ளியை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. இடம், அளவு, காரணம் மூன்றும் தெளிவாக எழுதப்பட்ட கோரிக்கையைப் புறக்கணிப்பது துறைக்குக் கடினம் என்பதே நான் கண்டது.

இன்னொன்று: கூட்டத்தை வேலை நாளின் பிற்பகலில் வைத்தால் வாடகைதாரர் எவரும் வர மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், மாலை நேரம் ஆகியவற்றைக் குழுவின் முதல் அமர்விலேயே கேளுங்கள்.

ஏரிக்கரையான்

குழுவில் சேர்வது என்று முடிவு செய்துவிட்டேன். ‘நோக்கமும் தேவையும்’ வாசகத்தின் வரைவை முதல் அமர்வுக்கு முன்பே அனுப்பும்படி இன்று காலை எழுதிக் கேட்டிருக்கிறேன். அது இன்னும் இறுதி செய்யப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது. பாலப்பொறியாளர் சொன்னதைப் படித்த பிறகு, அது எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. வரைவு கைக்கு வந்ததும் இங்கே இடுகிறேன். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் இருவரை என்னோடு குழுவில் சேர்க்க முடியுமா என்றும் சங்கத்தில் கேட்டிருக்கிறேன்.