ஸ்பெக்ட்ரம் கேசட்ல ஸோர்க் வந்துச்சா இல்லையா

பாளை48கே:
நேத்து ஒரு வாட்ஸாப் குரூப்ல ஒரு பொடியன் எழுதுதான், எழுத்து மட்டும் வாற கேம்லாம் கேமே இல்லையாம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாம். வயிறு எரிஞ்சு போச்சு. ஏல, 1986ல எங்க மாமா சிங்கப்பூர்ல இருந்து இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுட்டு வந்தாவ. ரப்பர் கீ, 48கே மெமரி, நீ தெனம் அனுப்புத குட்மார்னிங் ரோஜாப்பூ ஒண்ணு கூட அதுல அடங்காது. ஜே கீய ஒருதரம் அமுக்கினா லோட்னு முழு வார்த்தையும் வந்து விழும். பொறவு கேம் இருக்க கேசட்ட டேப் ரெக்கார்டர்ல வச்சு ப்ளே போட்டா கீ...ன்னு சத்தம், திரை ஓரத்துல செவப்பும் வெளிர்நீலமுமா கோடு, அப்புறம் நீலமும் மஞ்சளும், அஞ்சு நிமிசம் மூச்சு விடாம உக்காந்திருக்கணும், நடுவுல எங்க ஆச்சி மிக்சிய போட்டான்னா வோல்டேஜ் எறங்கி எல்லாம் போச்சு, திரும்ப மொதல்ல இருந்து. அப்படி லோட் பண்ணி ஸோர்க்னு எழுத்து கேம் வெளாண்டவன் நான். வெள்ளை வீடு, முன்னால தபால் பெட்டி, கையில லாந்தர். லிஃப்கோ டிக்ஷனரிய மடில வச்சிக்கிட்டு 'கெட் லேம்ப்'னு அடிச்சோம். படம் மண்டைக்குள்ள ஓடிச்சுல.

டவுன் தெப்பம்:
எல்லாம் சரிவே, ஸ்பெக்ட்ரம் கேசட்ல ஸோர்க் எங்கன வந்துச்சு?

பாளை48கே:
எங்க வீட்ல வந்துச்சு.

டவுன் தெப்பம்:
வரல. ஸோர்க் 1977ல அமெரிக்காவுல எம்ஐடில பெரிய மிஷின்ல எழுதுனது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கொள்ளாதுன்னு மூணா வெட்டி, 1980ல மொத துண்ட வித்தாங்க. அதுவும் ஆட ஆட ஃப்ளாப்பில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வாசிக்கும். கேசட் முன்னயும் பின்னயும் ஓடி வாசிக்குமாவே? அத வித்த இன்ஃபோகாம் கம்பெனி 48கே ஸ்பெக்ட்ரமுக்கு ஸோர்க்க விடவே இல்ல. நீரு வெளாண்டது கொலாசல் அட்வெஞ்சரா இருக்கும், கொலாசல் கேவ்னு பழைய குகை கேம லெவல் 9 கம்பெனி மாத்திப் போட்டது. அது கேசட்ல வந்துச்சு, அதுல செங்கல் கட்டடம். தபால் பெட்டியும் கிடையாது, வெள்ளை வீடும் கிடையாது.

பாளை48கே:
வெள்ளை வீடு. நான் பாத்தேன்.

டவுன் தெப்பம்:
எழுத்துல எப்படிவே பாத்தீரு? ஸ்பெக்ட்ரம் திரையே வெள்ளை, எழுத்து கறுப்பு. அதான் வீடும் வெள்ளையா தெரிஞ்சிருக்கும்.

தட்டட்டி ஆன்டெனா:
வீட்ட விடுங்க. போன மாசம் இதே எடத்துல "எங்க வீட்ல 1990 வரைக்கும் கறுப்பு வெள்ளை டிவிதான், அதுலதான் இலங்கை ரூபவாஹினி பாத்தோம், ஆன்டெனாவ திருப்ப நான்தான் தட்டட்டில ஏறுவேன்"னு எழுதுனது யாரு அண்ணாச்சி? கறுப்பு வெள்ளை டிவில செவப்புக் கோடு எப்படி ஓடிச்சு?

பாளை48கே:
கோடு ஓடிச்சு. கலரு கூட வந்த புக்ல போட்டிருந்துச்சு. உமக்கு என்ன வேலை இதுல, ரூபவாஹினி சண்டைல தோத்தத இன்னும் மனசுல வச்சிருக்கீரோ?

தட்டட்டி ஆன்டெனா:
நான் எங்கன தோத்தேன்? அன்னைக்கு பாதிலயே ஓடிப்போனது நீருதான்.

சேரன்மாதேவி டீச்சர்:
தம்பிகளா, ஒரு நிமிசம். எங்க பள்ளிக்கூடத்துக்கு மத்திய அரசு கிளாஸ்னு கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கற திட்டத்துல பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்துது, 1984ல ஆரம்பிச்ச திட்டம். 32கே தான். செருப்ப வாசல்ல கழத்திப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும், கோயில் மாதிரி. ஒம்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் எங்க இருந்தோ ஒரு கேசட் கொண்டு வந்தான், குகைக்குள்ள போற கேம். அன்னைக்குத்தான் பிள்ளைங்க நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட்ட மனப்பாடம் பண்ணாமலே படிச்சதுங்க. குகைக்குள்ள ஒரு மாதிரியே இருக்க பாதையா வரும், எடம் தெரியாம சுத்தும். ஒவ்வொரு அறையிலயும் ஒரு சாமானப் போட்டு அடையாளம் வச்சிட்டு, கல்யாணப் பத்திரிகை பின்னால மேப் வரைஞ்சோம். அது கேமா இல்லையாங்கறதுதான கேள்வி? அத யாருமே பேசலையே.

பாளை48கே:
டீச்சர், அதே பாதைதான் ஸோர்க்லயும்! கள்ளன் வந்து சாமானத் தூக்கிட்டுப் போவான்லா? அதான் சொல்லுதேன்.

டவுன் தெப்பம்:
அந்தப் பாதை ரெண்டுலயும் உண்டுவே. ஸோர்க்ல கள்ளன், மத்ததுல கடற்கொள்ளைக்காரன். உமக்கு வந்தது எவன்?

பாளை48கே:
தூக்கிட்டுப் போறவன்ட்ட ரேஷன் கார்டா கேக்க முடியும்?

டவுன் தெப்பம்:
சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லும். வெளக்கு அணைஞ்சு இருட்டுக்குள்ள நடந்தா என்னாகும்?

பாளை48கே:
குழில விழுந்து எலும்பு முறிஞ்சு சாவோம். எத்தனை தரம் செத்திருப்பேன், என்ட்டயே கேக்கீரு.

டவுன் தெப்பம்:
அப்படி வாரும் வழிக்கு! ஸோர்க்ல இருட்டுக்குள்ள க்ரூன்னு ஒரு பூதம் வந்து தின்னுரும். குழில விழுறது கொலாசல் கேவ்ல. உம்ம வாயாலயே வந்துட்டு. முடிஞ்சது கேஸ்.

பாளை48கே:
பூதம் தின்னுட்டு மிச்சத்த குழில போட்டிருக்கும்.

தட்டட்டி ஆன்டெனா:
😂😂 கோட்டி புடிச்சிட்டு மனுசனுக்கு.

கேடிசி நகர் பையன்:
அண்ணாச்சி, பழைய மிஷின் மாதிரியே இப்ப கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர்ல ரெண்டையும் போட்டுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும்லா? லிங்க் தரவா?

பாளை48கே:
எமுலேட்டர்ல எங்க ஆச்சி மிக்சி போடுவாளால? ஸ்க்ரூ ட்ரைவர் வச்சு டேப் ஹெட்ட நூல் நூலா திருப்பி, டேப் லோடிங் எரர்னு வர வர கண்ணுல தண்ணி விட்டிருக்கியால நீ? சும்மா இரு.

டவுன் தெப்பம்:
தம்பி சொல்றது சரிதான், ஆனா தேவையில்ல. நான் 1988ல காலேஜ்ல அஞ்சேகால் இஞ்ச் ஃப்ளாப்பி போட்டு பிசில ஒழுங்கா ஸோர்க் வெளாண்டவன். ஒரிஜினல்.

பாளை48கே:
ஒரிஜினலாம். ஃப்ளாப்பிய காசு குடுத்து வாங்குனீராவே? டவுன்காரன் காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்குன கதைய இன்னைக்குத்தான் கேக்கேன்.

டவுன் தெப்பம்:
ஊர ஏன்வே இழுக்கீரு? பாளைக்காரனுக்கு ரெண்டு காலேஜ் பக்கத்துல இருந்தா ஆக்ஸ்போர்டுல இருக்க நெனப்பு.

சேரன்மாதேவி டீச்சர்:
அந்தப் பையன் வாட்ஸாப்ல கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பாளை48கே:
டீச்சர், அத அப்புறம் பாப்போம். தெப்பம், உம்மட்ட ஒண்ணு கேக்கணும். 1987ல டவுன்ல இருந்து சைக்கிள்ல ஒருத்தன் வந்து என்ட்ட ஒரு டிடிகே கேசட் வாங்கிட்டுப் போனான், ரெண்டு நாள்ல தாறேன்னு. ஆறு மாசம் கழிச்சு வந்துச்சு, பி சைடுல யாரோ வீட்டு பூப்புனித நீராட்டு விழா, நாதஸ்வரம். அது நீரா?

டவுன் தெப்பம்:
நான் இல்ல. ஆனா அந்த கேசட்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லும்.

பாளை48கே:
ஸோர்க்.

டவுன் தெப்பம்:
வரவே இல்லவே அது!

தட்டட்டி ஆன்டெனா:
கேசட் இப்ப எங்க இருக்கு? போட்டோ எடுத்துப் போடும், பாத்துருவோம்.

பாளை48கே:
பரண்ல கெடக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துப் போடுதேன். போட்ட பொறவு எத்தன பேரு மன்னிப்பு கேக்கிய பாப்போம்.

டவுன் தெப்பம்:
திங்களும் போயி வியாழனும் வந்துட்டு. போட்டோ எங்கவே?

பாளை48கே:
எடுத்தேன். லேபிள கரையான் அரிச்சிருக்கு. கடைசி 'க்' மட்டும் தெரியுது.

டவுன் தெப்பம்:
'மியூசிக்'லயும் 'க்' இருக்குவே.

பாளை48கே:
வெள்ளை வீடு.