செயற்கை நுண்ணறிவு: நமக்கு வேண்டிய எதிர்காலத்தை யார் தீர்மானிப்பது?

கேள்வி: செயற்கை நுண்ணறிவோடு எத்தகைய எதிர்காலம் வேண்டும் என்பதைச் சில நிறுவனங்களே முடிவுசெய்துகொண்டிருக்கையில், பொதுமக்கள் அதில் பங்கேற்க உண்மையான வழி ஏதேனும் உள்ளதா?

மறுமொழி 1: சட்டங்களின் வழியாக உள்ளது, ஆனால் அது மெதுவானது. 2021இல் ஐ.நா. அமைப்பான யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைப் பரிந்துரை எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமோ, வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை மிகுந்த இடர் உள்ளவையாக வகைப்படுத்துகிறது.

மறுமொழி 2: சட்டங்கள் பெரும்பாலும் எது வேண்டாம் என்பதையே சொல்கின்றன, எது வேண்டும் என்பதை அல்ல. செயற்கை நுண்ணறிவால் மிச்சமாகும் உழைப்பு நேரம் தொழிலாளருக்கு ஓய்வாகுமா, முதலாளிக்கு இலாபமாகுமா என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. ஊதியப் பேச்சுவார்த்தையும் வரிக் கொள்கையுமே தீர்மானிக்கின்றன. 2023இல் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள், செயற்கை நுண்ணறிவுக்கான வரம்புகளைத் தங்கள் ஒப்பந்தத்திலேயே இடம்பெறச் செய்தனர்.

கேள்வி கேட்டவர்: தொழிற்சங்கமே இல்லாத தொழில்களில் இருப்போர் யாரிடம் பேரம் பேசுவது?